யானைக்கொட்டடிப் புறாக்கள்

கூவி முடித்த பிறகுதான் பருந்தைப் பார்த்தேன். எனக்கு இடப்பக்கத்துக் கொத்தளத்துத் தொட்டப்பனுடைய காவல் வீட்டுக் கூரைக்கு மேலே ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே அவனுடைய புறாக்கள் அத்தனையும் கலைந்து, திசைக்கு ஒன்றாகப் பறந்துகொண்டிருந்தன. புறா எழுந்தால் நான் கூவ வேண்டும். எழுந்தன, கூவினேன். "புளியமரக் கொத்தளம் விழிப்போய்" என்று அடிவயிற்றிலிருந்து கூவி, வாயை மூடி, எச்சிலை விழுங்கி, தலையைத் தூக்கினால் பருந்து. ஆக, தொட்டப்பன் கூவவில்லை. அவன் கூவாத குரலை வாங்கி நான் கூவியிருக்கிறேன். சட்டென்று வலப்பக்கம் திரும்பினேன், அடுத்த கொத்தளத்து ஒச்சன் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாதா என்று. மற்ற நாளெல்லாம் உட்கார்ந்தபடியே கண்ணைச் சொருகிக்கொண்டிருப்பவன், இன்றைக்குப் பார்த்து எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்து, கழுத்து புடைக்கக் கத்துகிறான். இங்கிருந்து அவன் கழுத்து நரம்பு தெரிகிறது. பொறுப்பு வந்துவிட்டது பயலுக்கு. இருடா, நில்லுடா என்று கையை ஆட்டினேன். அவனும் சிரித்துக்கொண்டு கையை ஆட்டினான். குரல் அவனைத் தாண்டிப் போய்விட்டது. அடுத்தவன் வாங்கியிருப்பான், அவனுக்கு அடுத்தவனும் வாங்கியிருப்பான். ஈட்டியை எறிந்தால்கூட ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வரலாம்.

இந்த நகரத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் மனசுக்குள் ஒருமுறை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்கிறேன், நுழைந்து வெளியேற எங்காவது ஒரு பொந்து கிடைக்குமா என்று. கிழக்கு வாசலில் பொழுதை அளக்கிற ஓட்டை வட்டில் தண்ணீரில் மிதக்கிறது. அது நிறைந்து முங்கினதும் வாசல் காவலன் கூவுகிறான். அவன் குரலைக் கேட்டு முதல் கொத்தளத்துக் காவல் வீட்டுக்காரன் தன் கொத்தளத்தின் பேரைச் சொல்லிக் கூவுகிறான். அவனைக் கேட்டு அடுத்தவன், அவனைக் கேட்டு அதற்கடுத்தவன். இப்படிக் குரல் மதில்மேலேயே ஊரைச் சுற்றி மறுபடி கிழக்கு வாசலுக்கு வந்து சேர வேண்டும். வந்து சேர்ந்தால் எல்லாக் காவல் வீட்டிலும் ஆள் விழித்திருக்கிறான் என்று அர்த்தம். சந்தை நடக்கும், மாடு மேயும், ராஜா எண்ணெய் தேய்த்துக்கொள்வார். நடுவில் எங்காவது நின்றுபோனால் முரசை அடித்து வாசல்களைச் சாத்திவிட்டு, எவன் வாயில் நின்றது என்று தேடிக்கொண்டு வருவார்கள். சுண்ணாம்புக் காளவாய்க் கொத்தளத்து மூக்கன் அப்படித்தான் ஒரு மத்தியானம் கண்ணசந்தான். தலைப்பாகையை உருவிக் கையில் கொடுத்து மதிலிலிருந்து இறக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் அவன் வீட்டுச் சட்டி பானையெல்லாம் தெருவில் இருந்தன. இப்போது அகழியில் சேறு சுமக்கிறான். இங்கிருந்து குனிந்து பார்த்தால் அவன் முதுகு தெரியும். முகம் மறந்துபோய்விட்டது, முதுகு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அது நின்றுபோன குரலுக்குத் தண்டனை. வாசலை விட்டுக் கிளம்பவே கிளம்பாத ஒரு குரல் ஊரைச் சுற்றி வாசலுக்கு வந்து சேர்ந்தால் என்ன செய்வார்கள்? வட்டில் பாதிகூட நிறையாமல் மிதந்துகொண்டிருக்கும். வாசல் காவலன் வட்டிலைப் பார்ப்பான், காதைக் குடைந்துகொள்வான். வெளியாள் எவனோ மதிலுக்குள் புகுந்து நம் ஆள் மாதிரிக் கூவிப் பார்க்கிறான் என்றுதான் நினைப்பான். எனக்கே அப்படித்தான் தோன்றும். சேர்வைக்காரரிடம் ஓடுவான். சேர்வைக்காரர், காவல் முழுவதற்கும் தலைவர், மீசையைத் தடவிக்கொண்டு எழுந்திருப்பார். பொந்து எதுவும் இல்லை. நன்றாகக் கட்டியிருக்கிறார்கள்.

எனக்குக் காது கேட்காது. இதைச் சொல்லிவிட்டால் எல்லாருக்கும் எல்லாம் புரிந்துவிடும், அதனால்தான் யாரிடமும் சொன்னதில்லை. குருவம்மாவுக்குத் தெரியும். என் பெண்டாட்டி, அவளுக்குத் தெரியாமல் எனக்கு ஒரு கொட்டாவிகூட வந்ததில்லை. போன மழைக்கு முன்னால் ஒரு காய்ச்சல் வந்தது. பாயோடு பாயாகக் கிடந்து ஒரு விடியலில் கண்ணைத் திறந்தேன். மழை பெய்து ஓய்ந்து, மண் வாசனை மட்டும் வருகிறது. அகழியில் தவளைச் சத்தம் இல்லை. மழை பெய்து தவளை கத்தாமல் இருக்குமா? "தவளையெல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டேன். குருவம்மா வாயை அசைத்தாள். மறுபடி கேட்டேன், மறுபடி அசைத்தாள். "வெறும் வாய எதுக்குடி மெல்லுற?" என்று எரிந்து விழுந்தேன். அவள் கையில் இருந்த கஞ்சிக் கலயத்தைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்போதுதான் புரிந்தது, தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று. அழுதேன், சொல்வதற்கென்ன. பெரிய முரசு அடித்தால் நெஞ்சில் தெரிகிறது. கொட்டடி யானை பிளிறினால் பாதத்தில் தெரிகிறது. மனுசக் குரல் எதுவும் எங்கேயும் தெரியவில்லை. முகத்துக்கு முன்னால் நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வேன், அதுவும் குருவம்மா உதடாக இருந்தால். மீதிப் பேருக்குத் தலையை ஆட்டுவேன். ஆட்டிக்கொண்டே ஒரு மனுசன் எவ்வளவு தூரம் போகலாம் என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

முதல் சில நாள் குருவம்மாவும் என்னோடு மதிலேறினாள். காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி கொடுக்க வந்தேன் என்று கேட்டவர்களிடம் சொல்லிக்கொண்டு, காவல் வீட்டுக்குள் என் பின்னால் உட்கார்ந்து நொய்யில் கல் பொறுக்குவாள். தொட்டப்பன் குரல் வந்ததும் என் முழங்காலில் ஒரு தட்டு, நான் எழுந்து கூவுவேன். எத்தனை நாளைக்கு ஒரு பெண்பிள்ளை கொத்தளத்தில் உட்கார்ந்து கல் பொறுக்க முடியும்? அதற்கு மேல் போனால் கல்லே தீர்ந்துவிடும். அப்புறம் ஒருநாள் அவள் தட்டவும் தொட்டப்பன் கூரையில் புறாக்கள் படபடவென்று எழுந்து பறக்கவும் ஒன்றாக இருந்தது. அடுத்த முறையும் அப்படியே. இங்கிருந்து அவன் கண்ணில் படமாட்டான், மதில் யானைக்கொட்டடியைச் சுற்றி வளைந்து போகிறதல்லவா, அங்கே அவன் காவல் வீட்டுக் கூரை மட்டும்தான் தெரியும். காவல் நேரத்தில் ஒருவன் வீட்டுக்கு இன்னொருவன் போகக் கூடாது என்று கட்டளை வேறு. ஆனால் கூரை போதும், கூரையில் புறா இருந்தால் போதும். "இந்தா பாரு, அவன் கத்துற கத்துல புறாவெல்லாம் பயந்து எந்திரிக்குது. இனிமே நீ வர வேண்டாம்" என்று சொன்னேன். குருவம்மா கூரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "பொழப்பப் புறாகிட்டயா குடுக்கப் போற?" என்று கேட்டாள். உதடு தெளிவாகத் தெரிந்தது. "ராத்திரிக் காவலா பாக்குறேன்? பகல்தான? கண்ணு நல்லாத்தான இருக்கு?" என்றேன். கல் பொறுக்குவது அவளுக்கும் அலுத்திருந்தது. அன்றிலிருந்து இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் புறா ஒருமுறைகூட என்னை ஏமாற்றவில்லை. பருந்து என்று ஒன்று உலகத்தில் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. மதில்மேல் உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பதற்காகவே படி வாங்குகிறவனுக்கு.

குரல் இப்போது மேற்கு வாசலைத் தாண்டியிருக்கும். கீழே வண்ணான் துறையில் துணியை ஓங்கி அடிக்கிறார்கள், சத்தமில்லாமல். எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடக்கின்றன. வெளிமதிலில் எவளோ மறுபடியும் வறட்டி தட்டிவிட்டுப் போயிருக்கிறாள், கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை, நான் சொல்வது ஒருவேளை சரியாக வெளியே வருவதில்லையோ என்னவோ. அது ஒரு பயம் எனக்கு. என் குரலே எனக்குக் கேட்காது. அது கரகரத்துப் போயிருக்கலாம், எருமை மாதிரி ஆகியிருக்கலாம், ஒச்சன் முகத்தைப் பார்த்துத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன். சரி, சேர்வைக்காரர் வந்தால் என்ன சொல்வது? தொட்டப்பன் கூவினான், வாங்கிக் கூவினேன். அவ்வளவுதான். ஒரு வரி. குரல் எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் போகும், எனக்கு இடப்பக்கம் அவன்தான். அவன் இல்லை என்பான். என் சொல்லுக்கு எதிரே அவன் சொல். அவன் தெலுங்குக்காரன், எங்கள் பாளையத்துக் கொத்தளத்தின்மேல் அவர்களுக்கு எப்போதும் ஒரு கண், வேண்டுமென்றே மாட்டிவிடுகிறான் என்று சொல்லலாம். அது போதாதென்றால் சண்டை வேறு இருக்கிறது. நாங்கள் பேசிக்கொள்வதில்லை என்பது மதில் முழுக்கத் தெரியும். காது இல்லாதவன் என்று மட்டும் தெரிந்துவிடக் கூடாது. சேறு சுமப்பதுகூடப் பரவாயில்லை, மூக்கனும் மனுசன்தானே, சுமக்கவில்லையா. கொத்தளத்துக்கு அடியில் இருக்கிற அந்த ஓட்டு வீடு போய்விடும். குருவம்மா அதற்குப் பின்னால் ஒரு முருங்கை வைத்து, அது இப்போதுதான் முதல் காய் விட்டிருக்கிறது. அவளைச் சட்டி பானையோடு தெருவில் நிற்க வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் கிடையாது.

சண்டை புறாவால் வந்தது. எல்லாம் புறாவால்தான். காய்ச்சல் விட்டு எழுந்தபோது கால் நடுங்கியது, புறாக்கறிச் சாறு குடித்தால் ரத்தம் ஊறும் என்று எவளோ சொன்னாள். குருவம்மா வாசலில் நொய்யை இறைத்து, முறத்தைச் சாய்த்து வைத்து ஒன்றைப் பிடித்துவிட்டாள். மிளகு தட்டிப்போட்டு வைத்துக் கொடுத்தாள். நல்ல சாறு, பொய் சொல்லக் கூடாது. காலில் வளையம் கட்டின புறா, தொட்டப்பனுடையது. இறகை அவள் புதைக்காமல் குப்பையில் போட்டுவிட்டாள். அதற்கு அடுத்து படியளக்கிற நாள். காவல்காரர்கள் எல்லாரும் பையோடு வரிசையில் நிற்கிறோம். என் முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி எனக்குப் பின்னால் பார்க்கிறார்கள். நானும் என்னவோ என்று நெல்லையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் தொட்டப்பன் என்னைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றான். பின்னாலேயே நின்று வெகுநேரமாகத் திட்டியிருக்க வேண்டும், முகமெல்லாம் வேர்த்திருந்தது. கோபம் வந்தால் தெலுங்குக்குப் போய்விடுவான், உதட்டைப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன். திட்டுகிறவனைப் பார்த்துத் தலையை ஆட்டினால் எவனுக்குத்தான் பொறுக்கும்? கையை ஓங்கினான். ஓங்கினவன் அப்படியே நின்றுவிட்டான். என் கண்ணையே பார்த்தான். பிறகு தன் கையை என் காதுப் பக்கம் கொண்டுவந்து, ஈ ஓட்டுகிற மாதிரி விரலைச் சொடுக்கினான், அல்லது சொடுக்கினது மாதிரி இருந்தது. நான் அசையவில்லை. நெல்லைக்கூட வாங்காமல் விறுவிறுவென்று போய்விட்டான். அவமானப்படுத்திவிட்டுப் போகிறான் என்று நினைத்தேன். நெல்லை வாங்காமல் போகிற அளவுக்கு ஒரு புறாவின்மேல் பாசமா என்றும் நினைத்தேன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. அவன் பேசி நான் கேட்டுவிடப் போகிறேனாக்கும்.

பருந்து போய்விட்டது. புறாக்கள் ஒவ்வொன்றாக வந்து கூரையில் இறங்குகின்றன. ஒன்றும் நடக்காததுபோல் கழுத்தை ஆட்டிக்கொண்டு நடக்கின்றன, ஒரு வெள்ளை, இரண்டு சாம்பல், மறுபடி ஒரு வெள்ளை. தைரியமான புறாக்கள்தான். முந்தியெல்லாம் காவல் மாறும்போது அந்தப் பக்கத்துப் படியில் ஏறி அவன் வீட்டைக் கடந்துதான் வருவேன். அப்போது தொட்டப்பண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவன் வெற்றிலையை மடித்து நீட்டுவான். ஒருநாள் வெற்றிலையை நீட்டின கையோடு வாசல் பக்கத்துக் குரல் வந்துவிட்டது. அப்படியே வானத்தைப் பார்த்து ஒரு கூவல் கூவினான், என் காது அடைத்துவிட்டது, அப்போது அடைப்பதற்குக் காது இருந்தது. அவன் தோளில் ஒரு வெள்ளைப் புறா உட்கார்ந்திருந்தது. வாய்க்கு அத்தனை கிட்டே. அது கண்ணைக்கூட மூடித் திறக்கவில்லை. "என்னண்ணே, செவிட்டுப் புறாவா?" என்று கேட்டேன். "முட்டைக்குள்ள இருக்கும்போதே என் கத்தலக் கேட்டதுடா கழுவா, இதெல்லாம் எதுக்குப் பயப்படும்?" என்று சிரித்தான். கூரையிலும் ஒரு புறா அசையவில்லை, கல் மாதிரி உட்கார்ந்திருந்தன. கல் மாதிரி. நான் இதை ஏன் நினைக்கிறேன்? சேர்வைக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று நினைக்க வேண்டிய நேரத்தில். தொட்டப்பன் கூவினான், வாங்கிக் கூவினேன். தோளில் உட்கார்ந்த புறா. அவன் கூவினான், வாங்கிக் கூவினேன். கூவினால் எழாத புறா. எழாது. அவன் கத்துகிற கத்தலில் எழுந்ததே கிடையாது, வருசக்கணக்கில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்படியானால் என் காய்ச்சலுக்குப் பிறகு மட்டும் அவைகளுக்கு எப்படிப் பயம் வந்தது?

படியளந்த நாளுக்கு அப்புறம்தான். அதற்கு முன்னால் குருவம்மா முழங்காலில் தட்டின நாளிலெல்லாம் நான் அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், வேறு என்ன வேலை, புறாக்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தன. படியளந்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் முதன்முதலாக எழுந்தன. அவன் என் காதுப் பக்கம் விரலைச் சொடுக்கினதற்கு அடுத்து. இல்லை, இருக்காது. எதற்குச் செய்வான்? அவன் புறாவைத் தின்றவன் நான். காலில் வளையம் கட்டி வளர்த்ததை மிளகு போட்டுத் தின்றவன். ஆனால் குரல் என்னிடம் வந்து நின்றுபோயிருந்தால் அவனுக்கு என்ன நஷ்டம்? அவன் வாயில் நிற்கவில்லையே. நல்லதுதான் என்று கையைத் தட்டியிருக்கலாம். அதற்குப் பதில் ஒவ்வொரு முறையும், வாசல் குரல் வரும்போதெல்லாம், முதலில் கூவிவிட்டு, பிறகு எதையோ எடுத்துக் கூரையைத் தட்டி, உட்கார்ந்திருக்கிற புறாவையெல்லாம் கலைத்து, அவை திரும்பி வந்து உட்கார்ந்ததும் அடுத்த குரலுக்காகக் காத்திருந்து, மறுபடி கலைத்து. மழையிலும் செய்தான். காற்றடித்த நாளிலும் செய்தான். ஒரு வார்த்தை பேசாமல். நான் என்னவென்றால் கண்ணு நல்லாத்தான் இருக்கு என்று பெண்டாட்டியிடம் பீற்றிக்கொண்டிருந்தேன். சற்று முன் நான் கூவினது அவனுக்குக் கேட்டிருக்கும். அவனுக்குத்தான் காது இருக்கிறதே. பருந்தையும் பார்த்திருப்பான். இரண்டையும் சேர்த்து, என்ன நடந்தது என்று எனக்கு முன்னாலேயே தெரிந்துகொண்டிருப்பான்.

கொட்டடி வளைவில் தலை தெரிகிறது. சேர்வைக்காரர்தான், அந்த மீசை இந்த நகரத்தில் வேறு யாருக்கு உண்டு. நான் வலப்பக்கமிருந்து வருவார் என்று நினைத்தேன், குரல் வந்த வழியே பின்னோக்கி விசாரித்துக்கொண்டு. அவர் புத்திசாலி. வாசலிலிருந்து முன்னோக்கி நடந்திருக்கிறார். முதல் கொத்தளத்தில் நீ கூவினாயா என்று கேட்டால் இல்லை என்பான், அடுத்தவனும் இல்லை என்பான், ஆம் என்று சொல்கிறவன்தான் ஆள். ஆம் என்று சொல்ல முதலில் இருப்பவன் நான். நானாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பின்னால் தொட்டப்பன் வருகிறான். வெறுந்தலையாக, வெயிலில். தலைப்பாகை கையில் இருக்கிறது. சிவப்புத் துணி, பந்தாகச் சுருட்டி வயிற்றோடு அணைத்துக்கொண்டிருக்கிறான். முந்திக்கொண்டு ஆம் என்று சொல்லியிருக்கிறான். கிறுக்கன். மூக்கனைக் கூட்டிக்கொண்டு போனது இப்படித்தான்.

சேர்வைக்காரர் என் முன்னால் நின்றார். மீசை அசைந்தது. மேல் உதடு, கீழ் உதடு எல்லாவற்றையும் அது மூடிக்கொண்டிருக்கிறது, உள்ளே என்ன நடக்கிறது என்று ஆண்டவனுக்கும் தெரியாது. அவர் தோளுக்குப் பின்னாலிருந்து தொட்டப்பன் என்னைப் பார்த்தான். வாயை அகலமாகத் திறந்து, மெதுவாக, தமிழில், குருவம்மா எனக்குச் சொல்வதுபோலவே சொன்னான்: "ஆமான்னு சொல்லு." எத்தனை மாதமாயிற்று அவன் என்னிடம் பேசி. தலையை ஆட்டினால் போதும். எனக்கு நன்றாகப் பழகின வேலை. முருங்கையும் வீடும் சட்டி பானையும் அப்படியே இருக்கும். ஆட்டுவதற்குக் கழுத்து தயாராகவும் இருந்தது.

"அவரு குரல் குடுக்கல, ஐயா" என்றேன். "நானாத்தான் கூவினேன். பருந்து வந்துச்சு, புறா எந்திரிச்சுச்சு, கூவிட்டேன். எனக்குக் காது கேக்காது. காய்ச்சல்லயே போயிருச்சு." தொட்டப்பன் தலைப்பாகையாலேயே தன் நெற்றியில் அடித்துக்கொண்டான். மீசை மறுபடி அசைந்தது, இந்த முறை வேகமாக. "தெரியல, ஐயா. மீசைய ஒதுக்கிட்டுச் சொல்லுங்க" என்றேன். அவரிடம் இதுவரை யாரும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் இரண்டு விரலால் மீசையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பல் தெரியக் கேட்டார்: "அப்ப இவன் எதுக்குத் தான் குடுத்ததாச் சொன்னான்?" தொட்டப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு தெலுங்கில் எதையோ மென்றான். சட்டென்று அவன் தலை இடப்பக்கம் திரும்பியது. கழுத்து புடைத்தது. அவன் வீட்டில் அவன் இல்லை, ஆனாலும் வருசக்கணக்கான பழக்கம், நின்ற இடத்திலேயே வானத்தைப் பார்த்து வாயைத் திறந்தான். வாசலில் வட்டில் முங்கிவிட்டது, இது நிஜக் குரல். அவன் வாய் மூடினதும் நான் கூவினேன். புறா இல்லாமல், முழங்காலில் தட்டு இல்லாமல், ஆள் முகத்தைப் பார்த்தே வாங்கிக் கூவினேன். ஒச்சன் எழுந்தான், கையைக் குவித்தான். சேர்வைக்காரர் தொட்டப்பனுடைய காவல் வீட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு இறகுகூட அசையவில்லை. "புறா எந்திரிக்கலையே?" என்றார், மீசையைத் தூக்கிப் பிடித்தபடியே. தொட்டப்பன் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துத்தான் சொன்னான், உதடு ஒவ்வொரு சொல்லாக அசைந்தது. "நான் அங்க இருந்தாத்தான் எந்திரிக்கும்."

சேர்வைக்காரர் மீசையை விட்டார், மறுபடி தூக்கினார். என்னிடம் சொன்னார்: "வெளக்கு வைக்கிற நேரம் ஆள் மாத்துவேன். அதுவரைக்கும் நில்லு." கொஞ்சம் நடந்தவர் திரும்பி வந்து, நான் பார்க்கிறேனா என்று பார்த்துவிட்டு, "சட்டி பானைய நாளைக்கு எடுத்துக்கலாம். இன்னைக்கு வேண்டாம்" என்றார். அகழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததால் இல்லையென்று ஆகிவிடாது. தொட்டப்பனைப் பார்த்து அவன் வீட்டுப் பக்கம் கையைக் காட்டிவிட்டு இறங்கிப் போனார். தொட்டப்பன் போகவில்லை. மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, மடித்து, என் கையில் வைத்தான். "சாறு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டான். "இருந்துச்சு, அண்ணே" என்றேன். "இருக்கும். நல்லாத் தின்னு வளந்தது" என்று சொல்லிவிட்டுத் தலைப்பாகையைக் கட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கொட்டடி வளைவைச் சுற்றிப் போனான்.

வெயில் சாய ஆரம்பித்திருக்கிறது. குருவம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று நினைக்கிறேன். அவள் திட்டமாட்டாள், அதுதான் கஷ்டம், பொழப்பப் புறாகிட்டயா குடுக்கப் போற என்று முன்னாலேயே கேட்டுவிட்டாளே. முருங்கையை ஒரு கொப்பு ஒடித்துக்கொண்டு போனால் எந்த மண்ணிலும் பிடித்துக்கொள்ளும். முதல் காயைத் தொட்டப்பன் வீட்டுக்குக் கொடுத்துவிடச் சொல்ல வேண்டும். எருமைகள் கரையேறுகின்றன. அகழியில் மூக்கன் கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தான், இன்றைக்கு முகம் தெரிந்தது, கிழவனாகிவிட்டான். விளக்கு வைப்பதற்குள் இன்னும் ஒரு குரல் வரும். ஒரு குரல்தான். அதற்காக யாரும் என்னை நம்பி இருக்கப் போவதில்லை, நின்றால் நிற்கட்டும் என்று உட்கார்ந்துவிடலாம். நான் நின்றுகொண்டுதான் இருந்தேன், இடப்பக்கம் பார்த்தபடி. கூரைக்கு மேலே ஒரு நீள மூங்கில் கழி எழுந்தது. இத்தனை நாளும் ஓட்டுக்கு அடியிலேயே நின்று தட்டியிருப்பான், நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. இன்றைக்கு மறைக்கவில்லை. கழியின் நுனியில் அவன் தலைப்பாகையைக் கட்டியிருந்தான், சிவப்புத் துணி காற்றில் விரிந்து ஆடியது. புறாக்கள் அத்தனையும் எழுந்தன. நான் கூவினேன்.